நாகரிக மைக்

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்றால் ஒரு காலத்தில் நாற்காலி பறக்கும். எஸ்தரின் அம்மா பெஞ்சுமேல் ஏறி நின்று தலைமையாசிரியரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மறுவாரமே பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வந்துவிட்டார். மிக்சர் கொறித்துக்கொண்டே அந்தச் சண்டையைப் பார்த்த சுகம் எஸ்தருக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்றைக்கு நடப்பதோ ‘அனைவருக்கும் சமக் கல்வி’ மாநாடு. வாசலில் பன்னீர், மேடையில் பொன்னாடை. பேசுவதைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்ப நாகரிக மைக் வேறு. ஒருவரும் தும்மக்கூட இல்லை. அந்தப் பழைய கூச்சலுக்கு எஸ்தரின் மனசு ஏங்கியது. எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

“பங்களாத் தெருப் பள்ளிக்கு மனுச டீச்சரு, எங்க பள்ளிக்கு மட்டும் பாடம் எடுக்க வெறும் கம்ப்யூட்டர் திரையாய்யா? எம் மவளுக்கும் ஒரு டீச்சரப் போடுங்க!”

“எங்கள் பள்ளிக்குத் திரை தந்த பெருந்தகைகளுக்கு நன்றி,” என்றது ஒலிபெருக்கி, அவள் குரலிலேயே.

அரங்கமே கைதட்டியது. மாநாட்டுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எய்யா, நான் அப்படியா சொன்னேன்? நீங்க எல்லாரும் நாசமாப் போவீய!”

“நீங்கள் அனைவரும் நீடூழி வாழ்க!”

கடைசி வரிசையில் மாணவிகளோடு உட்கார்ந்திருந்த மகள் எழுந்து நின்று கைதட்டினாள். அம்மாவுக்கு இவ்வளவு அழகாகப் பேச வரும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.