கௌரவத் தலைவரின் நாற்காலி

இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும் என்று அவள் முடிவு செய்தாள்.

கல்லுப்பு கட்டிய துணி மூட்டையை வாணலியில் மறுபடி புரட்டி எடுத்து வந்து, கணவரின் கணுக்காலில் வைத்து அழுத்தினாள்.

"ஸ்ஸ்" என்றார். பிறகு, வலி கணுக்காலுக்குத்தான், தனக்கில்லை என்பது போல, எதிர்வீட்டுக்காரரிடம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

பந்தை அடிக்க அவர் எகிறியது முதல் வாரத்தில் ஒரு முழம். இப்போது ஆள் உயரம்.

உண்மையில் அவர் எகிறவில்லை. பந்தை மிதித்துவிட்டார். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய, எலுமிச்சம்பழ அளவுப் பந்து.

இளைஞர் பூப்பந்துக் கழகத்தின் தலைவர். வயது ஐம்பத்தாறு.

சாய்வு நாற்காலியின் நீண்ட கைகளில் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டிருந்தார். எதிர்ச்சுவரில், புகைப்படச் சட்டத்துக்குள், மட்டையும் கேடயமுமாக இன்னொரு முறை அவரே நின்றார். இரண்டாம் பரிசுக் கேடயம். அதை யாரும் கேட்பதில்லை.

கூடமும் அடுக்களையும் மட்டுமே கொண்ட வீடு. கால்களை உயர்த்தி வைக்க அங்கே இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

அவருக்கு அடிபடுவதற்கு முன்பே ஒரு நாள், பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவள் பாதத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. சாயங்காலத்தில் ஒரு மணி நேரமாவது காலை உயரமாக வைத்துப் படுக்கச் சொன்னாள்.

வீட்டில் வந்து சொன்னபோது அவர் சிரித்தார். உடம்பை வளைத்து வேலை செய்கிறவர்களுக்கு நோய் வராது என்றார்.

அவள் அப்போது ஆட்டுக்கல்லின் முன் வளைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவரிடம் எதையும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு அவர் வெள்ளை அரைக்கால் சட்டையில், மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சத்திரத்துப் பின்பக்க மைதானத்துக்குக் கிளம்புவார். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைத் தாழிட்டு நாற்காலியில் விழுவாள். கால்களை அதன் கைகளின் மேல் நீட்டுவாள்.

சிறிது நேரத்தில் பாதங்கள் அவளுடையவை ஆகிவிடும்.

கணுக்கால் போனபோது அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. அவர் எதிரில் காலைத் தூக்கி வைப்பதாவது. அடுக்களையில் உட்கார்ந்தால்கூட, தண்ணீர் என்பார். விசிறி என்பார். ரேடியோவைத் திருகு என்பார்.

எனவே காலையில் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்த பற்று. மாலையில் ஒத்தடம். ராத்திரி நல்லெண்ணெய் தேய்ப்பு. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு மும்முரமாக அவள் வைத்தியம் பார்த்ததில்லை.

தெருவே அவளுடைய பதிபக்தியை மெச்சியது.

இன்று அவர் கொல்லை வரை கம்பில்லாமல் நடந்துவிட்டார். வெள்ளை அரைக்கால் சட்டையை அவள் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் தப்பித்துப் போனதும் கழகச் செயலாளர் பக்கிரிசாமி வந்தார். கூடவே இரண்டு ஆட்டக்காரர்கள். கையில் ரோஜா மாலை.

கழகம் கூடியதாம். ஏகமனதாகத் தீர்மானம் போட்டதாம். இனி இவர் நிரந்தர கௌரவத் தலைவர். வெயிலில், புழுதியில் வந்து அந்தப் பொன்னான உடம்பை வருத்திக்கொள்ளவே வேண்டாம். வீட்டிலிருந்தபடியே ஆசி வழங்கினால் போதும்.

மாலை விழுந்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நடுவுல யாரு ஆடுறது?"

ஆட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் கேடயத்தைப் பார்த்தார்கள்.

அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். சரி, தியாகம் செய்கிறேன் என்றார். இனி எல்லா மாலையும் இந்த நாற்காலியிலேயே இருப்பேன் என்றார். ஆட்டம் முடிந்து அனைவரும் இங்கே வந்து ஆலோசனை கேட்கலாம், காப்பி உண்டு என்றார்.

அடுக்களை வாசலில் அவள் உப்பு மூட்டையோடு நின்றாள். மூட்டை ஆறிவிட்டிருந்தது.

எல்லா மாலையும்.

அவள் ஆட்களின் முன்னால் பேசுகிறவள் அல்ல. பேசினாள்.

"தலைவருன்னா ஆட்டம் நடக்குற எடத்துல இருக்க வேணாமாண்ணே? நாற்காலியயும் எடுத்துக்கிட்டுப் போங்க. கோட்டு ஓரமாப் போட்டு ஒக்கார வைங்க."

பக்கிரிசாமியின் முகம் சுண்டியது. அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

உங்களுக்கு வீட்டில் நாற்காலி வேண்டாமா தங்கச்சி என்று அவர் இழுத்தார். எனக்கு எதுக்கு என்றாள். மழை வந்தால் என்றார். குடை தருகிறேன் என்றாள்.

இருவரும் தனக்காகப் போட்டி போடுவதைக் கௌரவத் தலைவர் ரோஜா மாலைக்குள்ளிருந்து கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நாற்காலி முன்னால் போயிற்று. அவர் பின்னால் போனார். குடையைப் பக்கிரிசாமி வாங்கிக்கொண்டார்.

அவள் கதவைத் தாழிட்டாள்.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் இருந்த இடத்தில் நான்கு வெளுத்த தடங்கள். அவற்றின் நடுவே வெறுந்தரையில் மல்லாந்தாள். எதிர்ச்சுவரை ஒட்டி நகர்ந்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சாய்த்தாள்.

நாற்காலியைவிட உயரம். இது ஏன் முன்பே தோன்றவில்லை?

சத்திரத்துப் பக்கமிருந்து "அவுட்" என்று அவர் குரல் வந்தது. அவுட் இல்லை என்று பல குரல்கள். மறுபடி அவர் குரல்.

படுத்த இடத்திலிருந்து பார்த்தபோது, அவளுடைய வலது பாதம் சட்டத்துக்குள் இருந்தவரின் முகத்தைச் சரியாக மறைத்தது.

இடது பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

கேடயமும் மறைந்தது.