திறந்து கிடந்த கேட்

செயலாளருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி தெருச் சங்க அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கும் திறந்து கிடந்தது. வாக்கிங் முடிச்சுத் திரும்பி வரேன், கேட் ஆன்னு வாயைப் பிளந்துகிட்டு நிக்குது."

பொருளாளர் அம்மாவும் பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தாநாளும் இதே பாட்டு, நேற்றும் இதே பாட்டு.

அவர் பதறுவதிலும் நியாயம் இருந்தது. தெரு என்னவோ பொதுத்தெருதான். இரண்டு வீட்டில் திருட்டு நடந்த பிறகு, கேட் போட அனுமதி கேட்டு இரண்டு வருடம் நகராட்சி அலுவலகப் படிகளைத் தேய்த்தவர் அவர். அனுமதியும் நிபந்தனையோடுதான் வந்தது. வெளியாள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரலாம். தெருக்காரர் நாலு இலக்க நம்பரை அழுத்திவிட்டு வரவேண்டும். இது ஒழுங்காக நடக்கவில்லையென்றால் கேட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வருகிறார்.

விதிகளை எழுதியதும் செயலாளரேதான். ஒன்றாம் தேதியானால் நம்பர் மாறும். புது நம்பரை அவரே யோசித்து, பதினெட்டு வீட்டுக்கும் நேரில் போய்க் காதோடு சொல்லிவிட்டு வருவார். எழுதி வைக்கக் கூடாது. மண்டைக்குள் இருப்பதை எந்தத் திருடனும் எடுக்க முடியாது என்பது அவர் கட்சி. தெருக்காரருக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டால் அன்றோடு வேலை காலி.

ஒருமுறை பல் டாக்டர் நம்பரை மறந்துபோய், வெளியாள் மாதிரி நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அதைச் செயலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். மனிதர் ஒரு மாதம் தலைகுனிந்து நடந்தார். அதற்கப்புறம் தெருவில் யாருக்கும் மறதி வரவில்லை.

"நான் வரும்போதெல்லாம் மூடித்தானே இருக்கு சார்?" என்றார் டாக்டர் மெதுவாக.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"



வாட்ச்மேனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஐந்து வருடமாக அந்த வாசலில் நிற்கிறவர். அவருடைய மகள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"கேட்டைத் திறந்து வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

பொருளாளர் அம்மா தன்மையாகக் கேட்டுப் பார்த்தார். காரணம் ஏதாவது இருந்தால் சொல்லப்பா, பேசிக்கொள்ளலாம் என்றார். பெண்ணின் படிப்பை நினைத்துப் பார் என்றும் சொன்னார்.

"தப்புதான்மா. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லே."

"வேலியே பயிரை மேஞ்சா என்ன பண்றது?" செயலாளர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "நாளையிலேருந்து வேற ஆள்."

வாட்ச்மேன் கெஞ்சவில்லை. புதிதாக வருகிறவருக்கு அரைமணி நேரம் வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இவன் என்ன லட்சணத்தில் சொல்லிக் கொடுக்கப் போகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே செயலாளர் சம்மதித்தார்.

மறுநாள் காலை வாக்கிங்கில் செயலாளருக்கு மனசு நடையில் ஒட்டவில்லை. புது ஆள் எப்படியோ என்ற கவலை. பாதியிலேயே திரும்பினார்.

கேட் மூடியிருந்தது. உள்ளே பெரிய மீசையோடு புது வாட்ச்மேன் விறைப்பாக நின்றார்.

'இதுதான் வேலை' என்று நிறைவோடு நம்பர் பெட்டிக்கு முன்னால் விரலைக் கொண்டுபோனார் செயலாளர்.

விரல் அப்படியே நின்றது.

போன வாரம்தான் அவர் வைத்த நம்பர். பதினெட்டு வீட்டுக்கும் அவர் வாயால் சொன்ன நம்பர். ஏழில் ஆரம்பிக்குமா, நாலிலா? தன் பிறந்த வருடத்தை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கல்யாண வருடத்தை அழுத்தினார். மறுபடி சிவப்பு. போன் வீட்டில் இருந்தது. அவிழ்ந்திராத ஷூ கயிற்றைக் குனிந்து கட்டினார். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உள்ளே போக ஒரே வழி, கம்பி வழியாக அந்த நோட்டை வாங்கி, தன் தெருவுக்கே வெளியாள் என்று தன் கையால் எழுதிக் கொடுப்பதுதான்.

"மெஷின் சரியில்லேப்பா" என்றார்.

"இப்பத்தானே சார் டாக்டர் அழுத்திட்டு உள்ளே போனாரு?"

செயலாளர் இன்னொரு நம்பரை அழுத்த, அதற்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அதையே ஒரு நொடி பார்த்த புது வாட்ச்மேன், வேறொன்றும் கேட்காமல் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

அப்போதும் செயலாளருக்கு வீம்பு போகவில்லை. "நீ திறக்கக் கூடாது. பழைய ஆள் விதியைச் சொல்லலையா?"

"சொன்னாரு சார். எனக்குத்தான் முதல் நாளே விதியை மீற பயமா இருந்தது. 'செயலாளருக்கு இப்பல்லாம் நம்பர் மனசுல நிக்கறதில்லே, அவர் முனை திரும்பும்போதே கேட்டைத் திறந்து வச்சிடு. நாலு பேர் முன்னாடி எதுக்குத் திறந்தேன்னு கேட்டா, வேலையே போனாலும் சொல்லிடாதே'ன்னாரு."