ப்ளேயர் 4471

"குழந்தை கையில டேபைக் கொடுத்துட்டுத் தூங்கப் போற அப்பா அம்மாவை முதல்ல கேளுங்க சார்! அப்புறம் கேமைத் தடை பண்ணலாம்."

ஞாயிறு மதியம் மூன்று மணி. ஜோகுபாளையத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் பொரிந்துகொண்டிருந்தான் ப்ரஹ்லாத். வாரம் முழுக்க ஐ.டி. வேலை; மிச்ச நேரமெல்லாம் வீடியோ கேம். அவன் விளையாடிக்கொண்டே பேசுவதைப் பார்க்கச் சேனலில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள்.

"கேம் கம்பெனிக்காரன் யோக்கியன்னு சொல்ல வரலை. தினம் வந்தா பரிசு, ஒரு நாள் வரலைன்னா எல்லாம் போச்சுன்னு ஆளைக் கட்டிப் போடறதே அவன் தொழில். ஆனா பதினாறு வயசுக்கு மேலன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பெத்தவங்க அனுமதி வேணும்னு கேக்கறான். பார்க்காம அமுக்கறது யாரு? அப்பன்தானே?"

நியாயமான பேச்சு. கேட்டால் நமக்கே கை தட்டத் தோன்றும்.

கதவைத் திறந்து ரக்ஷா எட்டிப் பார்த்தாள். அவன் மகள், ஒன்பது வயது. மாடிப்படியில் தடுக்கி விழுந்து முழங்காலெல்லாம் ரத்தம். அம்மா ஸ்ரீரஞ்சனிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி.

"அப்பா, இங்க பாரேன்..."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைக் காட்டினான். "ஒரு ரவுண்டு இரு கண்ணா."

அவள் போய்விட்டாள். அந்த ரவுண்டு முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது.

நாலு பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு அது. ப்ரஹ்லாத், அவரவர் வீட்டிலிருந்து ஆடும் அவன் நண்பர்கள் டேரில், சுனில். நாலாவது இடத்தைச் சேனல் பார்ப்பவர்களுக்கு விட்டுவைப்பான். யார் முதலில் தட்டுகிறாரோ அவர் உள்ளே வரலாம்.

"மச்சா, அது மறுபடி வந்துடுச்சு" என்றான் டேரில்.

ப்ளேயர் 4471. நாலு நாளாக வருகிறது. தனக்கென்று ஒரு பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கொடுத்த அதே சாம்பல் நிற உடுப்பு. துப்பாக்கியைத் தொடாது, பேசாது. ப்ரஹ்லாத் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அவன் நின்றால் நிற்கும். திரும்பினால், முகத்துக்கு நேராக நின்று பார்க்கும்.

"இப்ப பாரு, மொட்டை மாடிக்குப் போகும்" என்றான் சுனில்.

போனது. சுற்றுவட்டாரத்தில் எதிரி ஒருத்தரும் இல்லை. விளிம்பில் நின்று, தானாகவே குதித்துக் கீழே விழுந்தது.

இந்த விளையாட்டில் விழுந்தவரைக் கூட்டாளி ஒருவர் வந்து பத்து நொடி குனிந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார். ப்ரஹ்லாத் ஓடினான். விழுந்த கூட்டாளியை விட்டுவிட்டுப் போவதில்லை என்பதுதான் அவன் சேனலின் பெருமையே.

அது எழுந்தது. அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி மாடி ஏறியது. மறுபடி குதித்தது.

"எனக்குச் சரியாப் படலை மச்சா. வெளியே தள்ளு" என்றான் டேரில். அவன் குரலில் கேலி இல்லை.

"ஏதோ சின்னப் பசங்களா இருக்கும். பெத்தவங்க எங்க தூங்கறாங்களோ!" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான் ப்ரஹ்லாத்.

அப்போதுதான் 4471-இன் மைக் திறந்தது. நாலு நாளில் முதல் தடவையாக.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. விட்டு விட்டு வந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில் கன்னடத்தில் கூவும் ஒரு ஸ்பீக்கர். "ஹளே பேப்பர்... ஹளே பேப்பர்..."

ப்ரஹ்லாத் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். கீழே தெருவில் பழைய பேப்பர் வண்டி அதையே கூவிக்கொண்டு போனது.

"ஏய், யார் நீ?" என்று கத்தினான்.

அரை நொடி கழித்து 4471-இன் மைக்கிலிருந்து பதில் வந்தது. "ஏய், யார் நீ?"

அது அவனுடைய குரல்.

அவன் மைக்கை வாயருகே இழுத்தான். "டேரில்! நீயாடா விளையாடறே?"

"டேரில்! நீயாடா விளையாடறே?" என்றது அது.

"நான் இல்ல மச்சா" என்றான் டேரில் மெதுவாக. "நீ இங்க கத்தறதுதான் அந்த மைக்ல விழுது. அது உன் வீட்டுக்குள்ள இருக்கு."

அறைக்கு வெளியே குழந்தை தனியாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

ஹெட்போனை வீசிவிட்டு ஓடினான். ஹாலில் யாரும் இல்லை. "ரக்ஷா!" பதில் இல்லை. தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம், படுக்கையறை வரைக்கும் போயிருந்தது.

கதவைத் தள்ளினான்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ரக்ஷா உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கர்ச்சீப். மடியில், ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கின டேப். அதன் திரையில் 4471 விழுந்து கிடந்தது. சற்றுத் தள்ளி, கேமில் அவன் ஆடும் ஆள் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. "இது பெரியவா ஆடற கேம்! யார் உனக்குப் பர்மிஷன் கொடுத்தா?"

"நீதாம்ப்பா. புதன்கிழமை உன் போனைக் கொண்டு வந்து காட்டினேனே. நீ ஆடிண்டே கட்டை விரலை அதுல வச்சு அமுக்கினே."

ப்ரஹ்லாத் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சரி, ஒருத்தரையும் சுடலையே நீ. பின்ன எதுக்குடி தினம் வந்து குதிக்கறே?"

ரக்ஷா கர்ச்சீப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமா விழுந்தா ‘ஒரு ரவுண்டு இரு’ங்கறே. அதுல விழுந்தா மட்டும்தான் உடனே ஓடி வந்து தூக்கறேப்பா."