மஞ்சள் ஜாடி

மருமகள் பொய் சொன்னது கோதண்டபாணிக்குத் தெரியும்.

ஊறுகாய் ஜாடி கை தவறி உடைந்துவிட்டதாம். ஆனால் வேல்விழி அதைத் துவைக்கிற கல்லில் வைத்துக் குழவியால் உடைத்ததை அவர் ஜன்னல் வழியே பார்த்திருந்தார். ஊறுகாயைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தாள். கிட்டே வந்த கோழியைக்கூட விரட்டினாள்.

செராமிக் கம்பெனியில் இருந்தபோது, மனைவி வீரம்மாளுக்காக அவரே செய்த மஞ்சள் நிற ஜாடி. கண்ணாடியாய் மின்னட்டுமென்று காரீயம் கூடுதலாகக் கலந்து பூச்சு போட்டிருந்தார். அவருக்குப் புளிப்பு ஆகாது. அவளுக்கோ அந்த எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் கஞ்சி இறங்காது. போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஜாடியை யாரும் திறக்கவில்லை.

வேல்விழி நூலகத்தில் யாரும் தொடாத புத்தகமாகத் தூசி தட்டி எடுத்து வருவாள். மிளகாய் கப்பலேறி வந்த கதை, ராஜாக்களின் பந்திக் கதை. அவள் படிக்கப் படிக்க, அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்பார். இந்த வாரப் புத்தகத்தை மட்டும் படித்துக் காட்டவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்தாள்.

காலையில் எட்டிப் பார்த்தார். மடித்திருந்த பக்கத்தின் தலைப்பு, 'சோற்றில் நஞ்சு'. காலடி கேட்கவே வைத்துவிட்டார்.

மகன் பெண்ணாடம் சர்க்கரை மில்லில். வீட்டில் அவளும் அவரும்தான்.

மத்தியானம் தட்டைத் தொடவில்லை.

"ஏன் மாமா சாப்பிடல?"

"பசிக்கல. நீ சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன். ரேஷன் கடைக்குப் போயிட்டு வரேன்."

அவளும் சாப்பிடவில்லை. அவர் தட்டை எட்டத் தள்ளினார்.

அவள் தெருமுனை தாண்டியதும் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்துப் படித்தார்.

'காரீயப் பூச்சுள்ள கலத்தில் புளிப்பை வைத்தால் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கும். வயிறு சுருட்டி வலிக்கும். மணிக்கட்டு துவளும்.'

வீரம்மாளுக்குக் கடைசி மாதங்களில் டம்ளரைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. காரணம் எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை.

அந்த வரியின் மேல் விரலை மறுபடி ஓட்டினார். பிறகு புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆறிய சோற்றைப் பிசைந்தார்.

திரும்பி வந்த வேல்விழி நகர்ந்திருந்த பானையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இங்க எதையாவது தேடினீங்களா மாமா?"

"உப்பு தேடினேம்மா." அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஜாடி கைதவறி உடைஞ்சதுதானே, விடு. அந்த மிளகாய் கப்பல்ல வந்த கதை இருக்குதே, அதை இன்னொரு தரம் சொல்லு."