செத்த ராட்சசனின் கை

"செத்துக் கிடக்கக்கூடத் தெரியாத ஆளும்மா அவன்" என்று சொல்லிச் சிரித்தார் கேப்டன்.

எதிரே டிவியில் அவருடைய இளமை இரும்புத் தடியோடு நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் கந்தக ராட்சசன் குப்புறக் கிடந்தான்.

ராட்சசன் ஒழிந்தான் என்று பின்னணிக் குரல் அறிவித்தாயிற்று. அதற்குப் பிறகும் அவன் கை அசைகிறது. அவர் கேப்டனாக நடித்த அந்தப் பழைய விண்வெளித் தொடரின் ரசிகர்கள் முப்பது வருடமாக விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இதுதான்.

அவர்களுடைய மன்றம் ஒரு துணுக்குப் புத்தகம் போடுகிறது. துணுக்குகளை உரியவர்களிடம் கேட்டுச் சரிபார்ப்பது, இன்று கேப்டன் வீட்டுக்கு வந்திருக்கும் அவளுடைய வேலை. சம்பளமில்லாத வேலைதான். அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

விண்கலத்தின் கதவு உண்மையில் தகர பீரோவின் கதவா? ஆமாம் என்றார் கேப்டன். கேப்டனைவிட ராட்சசனுக்குத்தான் ரசிகர் கடிதங்கள் அதிகம் வந்தனவா? அதுவரை வாயெல்லாம் பல்லாக இருந்தவர் அங்கே மட்டும் சுருங்கினார்.

"எவன் கெளப்பி விட்டான் இதை?"

அவள் 'ஆமாம்' என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்தது அந்தக் கை. செத்த ராட்சசன் கையை ஆட்டுவது இயக்குநரின் கவனக்குறைவு: சரியா, தவறா?

அவள் காட்சியை மறுபடி ஓடவிட்டாள்.

தடி இறங்குகிறது. ரப்பர்த் தோள் பிளக்கிறது. ராட்சசன் விழுகிறான். எழுதிக் கொடுத்தபடி பார்த்தால் சண்டை அத்தோடு சரி. கேப்டன் விடவில்லை. முதுகில் அடிக்கிறார். விலாவில் உதைக்கிறார். பூட்ஸ் காலைப் பிடரியில் வைத்து, முழு எடையோடும் முகத்தைத் தரையில் தேய்க்கிறார். கிழிந்த இடத்திலிருந்து பஞ்சு தெறிக்கிறது. கேமராவை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு தத்ரூபமாக இருந்ததாம்.

ராட்சசனின் கை தரையில் தட்டுகிறது. முஷ்டியால் இரண்டு, உள்ளங்கையால் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி, அதே மாதிரி.

அந்த ரப்பர் தலைக்குள் புகுந்துவிட்டால் கத்தினாலும் வெளியே கேட்காது. கொக்கிகள் பிடரியில். வேறு யாராவது கழற்றிவிட்டால்தான் உண்டு. அதனால் மூச்சு முட்டும்போது தட்டுவதற்கென்று, வேஷம் போட்டவர் ஒரு சைகை வைத்திருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்த ரசிகர்களுக்கும் அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அன்று கொக்கிகளைக் கழற்றியபோது உள்ளே இருந்தவர் இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்று சொல்லிப் பூசி மெழுகினார்கள். சைகை என்று ஒன்று இருந்ததே தனக்குத் தெரியாது என்றார் கேப்டன். இன்று அவள் கேட்டபோதும் அதே பாட்டுதான்.

"சைகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேமரா தன்னையே பாக்கணும்னு கையக் கால ஆட்டுவான்."

பச்சைப் பொய் என்று மனதில் பட்டது. மனதில் படுவதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒன்றைச் சரி என்று குறித்துவிட முடியாதே.

அந்தத் தலை அலமாரியின் மேல் இருந்தது. ஞாபகத்துக்காக வீட்டுக்கு எடுத்துவந்தாராம் கேப்டன். ராட்சசனுக்குள் கேப்டன், அட்டைக்கு இப்படி ஒரு படம் போட்டால் ரசிகர்கள் கொண்டாடிவிடுவார்கள் என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தானே எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பின்னால் போய்க் கொக்கிகளைப் போட்டாள். இடது கையால் அந்தத் தலையை நாற்காலியின் முதுகோடு சேர்த்து இறுக்கினாள். உள்ளே காற்றுப் போக இருந்த ஒரே வழியான மூக்குத் துளைகளை வலது உள்ளங்கையால் அடைத்தாள்.

முதலில் அவர் சிரித்தார். குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. உதைத்த உதையில் மேஜை கவிழ்ந்தது, தம்ளர் நொறுங்கியது. பின்னால் நீண்ட ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிறாண்டிக் கிழித்தது. ரப்பரின் மேல் அவள் ரத்தம் ஒழுகியது. அவள் பிடியை விடவில்லை. விடவேண்டும் என்றே தோன்றவில்லை. இப்படியே, இங்கேயே போய்த் தொலையட்டும் என்று நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அப்போது கேப்டனின் கை நாற்காலியின் மரக் கைப்பிடியில் தட்டியது.

முஷ்டியால் இரண்டு. உள்ளங்கையால் ஒன்று.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி, அதே மாதிரி.

அவள் யோசிப்பதற்குள் அவள் விரல்கள் கொக்கிகளைக் கழற்றிவிட்டிருந்தன.

ராட்சசனின் தலை உருண்டு தரையில் விழுந்தது. கேப்டன் எச்சில் வழிய இருமி, மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கை என்ன செய்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"தெரியாதுன்னீங்களே" என்றாள்.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தன் விரல்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவற்றைச் சொல்லி என்ன பயன், பழக்கிவிட்டவர் அப்படிப் பழக்கியிருந்தார்.

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அப்பா வீட்டுக் கூடத்தில் செத்துப்போன ராட்சசனாகக் கிடப்பார். அவள் அவர் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்துவாள். தரையில் தட்டும் சத்தம் வரும். வந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். அந்த விளையாட்டுக்கு இருந்த ஒரே விதி அதுதான்.

ஐந்து வயதில் அவளுக்கு அது புரிந்திருந்தது.