ஜோடியில் ஒன்று

"சார், என் மாமனார் கார்லேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவர் கொண்டுவர்ற பூச்சாடிக்கு மதிப்பே இல்லைன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்!"

பழம்பொருள் மதிப்பீட்டாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

இருபது வருஷத்தில் அவர் பார்க்காத ஆளா? விலை தெரிந்ததும் பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறவர்கள், போலி என்றால் அவரையே போலி என்கிறவர்கள், கூட வந்தவருக்குத் தெரியாமல் காதைக் கடிக்கிறவர்கள்... இவள் கடைசி ரகம். கிழவரை ஏமாற்றிச் சாடியை அமுக்கப் பார்க்கிறாள்!

"பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா," என்றார் வெடுக்கென்று.

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. பெரியவர், துண்டில் சுற்றிய சாடியைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி வந்தார்.

மதிப்பீட்டாளர் அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையை லென்ஸில் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அசல்! நூறு வருஷத்துக்கு மேலிருக்கும்.

"இது ஜோடியா இருந்திருக்கணுமே?"

பெரியவர் தலை குனிந்தார்.

"இருந்துச்சு சார். மருமகளோட அம்மா அவ கல்யாணத்துக்குக் குடுத்தது. அந்தம்மா இப்ப உயிரோட இல்ல. போன வாரம் தூசி தட்டறேன்னு போய், ஒண்ணைப் போட்டு உடைச்சிட்டேன். இவ ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் சாப்பாடு இறங்கல. எவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சாகணும்."

மதிப்பீட்டாளர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

லென்ஸைக் கீழே வைத்தார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? சாதாரண கடைச் சரக்குங்க இது. ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளினது. பூ வைக்கலாம், அவ்வளவுதான்."

"நிஜமாவா?" பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏம்மா, பசிக்குது. போற வழியில ஏதாவது சாப்பிடலாமா?"

"வயிறு முட்டச் சாப்பிடலாம் மாமா!"

சாடியை அலட்சியமாக ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, மதிப்பீட்டாளருக்குத்தான் பகீரென்றது. பின்னால் போனவளை மெல்ல நிறுத்தினார்.

"அம்மா, அதோட உண்மையான விலை..."

"ஐயோ, சொல்லிடாதீங்க சார்!" என்றாள் அவசரமாக. "எனக்குத் தெரிஞ்சா, என்னிக்காவது ஒருநாள் அது என் முகத்துல தெரிஞ்சிடும்."