மூன்றாவது குரல்

"நாலுன்னு போட்டுடும்மா. அந்த நாலாவது ஆளு நான்தான்னு சொல்லிக்கறேன்!"

விற்பனை அதிகாரி புள்ளியியல் பெண்ணிடம் கெஞ்சினார். கூட்ட அறை மேசையைச் சுற்றி மைக்குகள் வைத்து, நடந்த கூட்டங்களையெல்லாம் பதிவு செய்திருந்தாள் அவள். அதில் ஒன்றையொன்று சாராத குரல் எத்தனை என்று கண்டுபிடிக்கச் சொல்லி இயக்குநரின் உத்தரவு. துணை இயக்குநர் நாற்காலி காலி. சொந்தப் புத்தி உள்ளவருக்குத்தான் அது என்று அலுவலகமே நம்பியது. தனக்குத்தான் என்று அதிகாரி வீட்டில் வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

"வரைபடத்தைப் பாருங்க சார். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டர்ல பிரிச்சேன். மூணாப் பிரிச்சா எப்பவும் அதே மூணு குரல் வருது, கோடு உசரத்துலயே நிக்குது. நாலாப் பிரிச்சா தொபுக்கடீர்னு விழுது. நாலாவதா ஒரு தடவை உங்க இருமல் வருது, மறு தடவை நாற்காலி கிரீச்சுங்குது. நிலையா எதுவும் இல்ல."

"என் இருமல் கூடவா நிலையா இல்ல?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் கூடியது.

"மூணு சார்," என்றாள் அவள் இயக்குநரிடம். "ஒண்ணு நீங்க. ரெண்டாவது, 'சரிங்க சார்'. இங்க இருக்கற எட்டு அதிகாரிங்களும் ஒரே நேரத்துல சொல்றதால பிரிக்கவே முடியல."

"மூணாவது?"

"நீங்க என்ன சொன்னாலும் அது பாட்டுக்குத் தனியா ஓடிட்டே இருக்கு சார்..."

அவள் முடிப்பதற்குள் விற்பனை அதிகாரி துள்ளி எழுந்தார். "நான்தான் சார் அது!"

"நீதானா?" சீறினார் இயக்குநர். "அந்தத் திமிர் பிடிச்ச ஆளை வெளியே அனுப்பத்தான்யா இவ்வளவு நாளாத் தேடறேன்! நாற்காலி, எனக்கு ஒத்துப்போறவனுக்கு."

"ஐயோ, நான் இல்ல சார்! சத்தியமா இல்ல!"

பாவமாக இருந்தது அவளுக்கு. மூன்றாவது குரலை ஒலிக்கவிட்டாள். "உர்ர்ர்ர்ர்..."

எல்லோரும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். ஏசி.

இயக்குநர் சொன்னால் சொன்னதுதான். மறுநாளே ஏசியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நாற்காலி மட்டும் இன்னும் காலியாகவே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் இயக்குநர்.

சட்டை தொப்பலாக நனைந்திருக்க, எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இப்பதான் சார் ஜில்லுனு இருக்கு!"